அவர் பார்த்துக்குவார்

நாலுவழிச் சாலையில் ஒரு கார் விர்ர்ர்ரென்று பறந்துகொண்டிருந்தது. திருஷ்டிக்காக அதன் முன்பக்கம் கட்டிய கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு பச்சைமிளகாயும் தொங்கின. மிளகாய் வெடவெடவென்று நடுங்கியது.

“அக்கா, மெதுவாப் போகச் சொல்லேன்!”

“அட போடீ! உள்ளே டிரைவர் இருக்கார்ல? அவர் பார்த்துக்குவார்” என்று பழம் ஜாலியாக ஊஞ்சலாடியது.

அப்போது ஜன்னல் வழியே டிரைவரின் கரகரத்த குரல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“நீ ஏம்மா பயப்படறே? முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டியிருக்கேன்ல? அது பார்த்துக்கும்!” என்றவர், போனில் வந்த வீடியோவைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தார்.

பழத்தின் ஆட்டம் சட்டென்று நின்றது. அதற்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“ஏண்டி, நான் அவரை நம்பி வர்றேன். அவர் என்னை நம்பி வர்றார். அப்போ ரோட்டைப் பார்க்கிறது யாரு?”

“அக்கா, லாரி! லாரி!”

முன்னால் போன லாரி நெருங்கிக்கொண்டே வந்தது.

“லாரிக்கார அண்ணே, ஒதுங்குங்க!” என்று பழம் அலறியது.

லாரியின் பின்னால் தொங்கிய திருஷ்டிச் செருப்பு சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தது.

“கத்தாதே தங்கச்சி. நான் இருக்கேங்கற தைரியத்துல எங்க டிரைவர் இப்பத்தான் கண்ணசந்திருக்கார்.”