முழுக் கவனம்

அறையில் ஒருவர்கூட போனைத் தொடவில்லை. ரங்கநாதனுக்கே நம்ப முடியவில்லை.

மனம் சிதறாமல் வேலை பார்ப்பது எப்படி என்று கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பெடுப்பவர் அவர். போன வாரம் வேறொரு கம்பெனியில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் ரீல்ஸ் பார்த்தார்கள். இந்த முறையும் சொதப்பினால் இனிமேல் கூப்பிட மாட்டோம் என்று அவரை அனுப்பும் ஏஜென்சி சொல்லிவிட்டது.

இன்று பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு தமிழ் கால் சென்டர். லிஃப்டில் போனைப் பார்த்தபடியே வந்தவர், கதவு திறந்ததும் எதிரில் இருந்த அறைக்குள் நுழைந்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சட்டென்று எழுந்து, “குட் மார்னிங் சார்” என்றார்கள். அதிலேயே அவர் உருகிப்போனார்.

“எல்லாரும் கண்ண மூடுங்க. நான் என்ன கலர் டை கட்டியிருக்கேன்?”

“நீலம் சார். கீழ சின்னதா ஒரு காபிக் கறை இருக்கு” என்றாள் முன்வரிசைப் பெண்.

ரங்கநாதன் குனிந்து பார்த்தார். இருந்தது.

“அடேயப்பா. உன் பேரென்னம்மா?”

“ஸ்ரீவித்யா சார். பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

பைக்குள் அவருடைய போன் அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. அதை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி அணைத்து வைத்தார்.

“யார் கூப்பிட்டாலும் சரி, கையில இருக்கிற வேலதான் முக்கியம். இதுக்குப் பேர்தான் கவனம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் ஒரு பழைய ஜோக்கைச் சொன்னார். பின்வரிசையில் ஜாய்சன் என்ற இளைஞன், ஜோக் முடிவதற்கு முன்பே சிரித்தான். மற்றவர்கள் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. முடிக்கும்போது ரங்கநாதன் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

“இத்தன வருஷத்துல இப்படி ஒரு கூட்டத்த நான் பாத்ததே இல்ல. ஒருத்தர் கண்ணுகூட என்னை விட்டு நகரல. இந்த ஆபீஸ் குடுத்து வெச்சிருக்கணும். யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஸ்ரீவித்யாதான் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“எங்கள்ல யாருக்கு சார் வேல கெடச்சிருக்கு?”