நானூறு பக்கமும் பதினோரு நிமிடமும்

"பதினோரே நிமிஷம்! ஒரு காகிதம் நீட்டலை, ஒரு போட்டோ காட்டலை. அந்த அதிகாரி எழுந்து நின்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, 'உங்களை மாதிரி ஒரு ஜோடியை நான் பார்த்ததே இல்லை சார்'னு சொல்லிட்டு, முத்திரையைக் குத்தினார் பாரு, மேஜை ஒரு அடி கீழே இறங்கிடுச்சு!"

மூத்த சகலை இப்படி அறிவித்துவிட்டு சோபாவில் சாய்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் நாலு மாடி உயரத்துக்குத் தூக்காமல் அவருக்குப் பேச வராது.

அவர் மனைவி தலை குனிந்து சிரித்தாள். மனைவியின் தங்கை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தங்கையின் கணவர், அதாவது இளைய சகலை மட்டும், குடித்த காபியை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார்.

அவருடைய வயிற்றெரிச்சலில் ஒரு வாளித் துணியைக் காயப் போட்டிருக்கலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. சகலைகள் இருவரும் வேறொரு நாட்டின் குடிமக்கள். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறவர்கள். அவர்கள் மனைவிமார் கையில் இருப்பதோ அந்த நாட்டின் நிரந்தரக் குடியிருப்பு அட்டை மட்டும். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், வெளிநாட்டில் இத்தனை காலமும் கணவனோடு ஒரே வீட்டில்தான் குடித்தனம் செய்தோம் என்று தூதரகத்தில் நிரூபிக்க வேண்டும்.

இளையவர் நிரூபிப்பதற்கென்றே பிறந்தவர். ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர், வீட்டு உப்பு டப்பாவிலும் காலாவதித் தேதி ஒட்டுகிறவர். மனைவிக்காக நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கோப்பு தயாரித்தார், பொருளடக்கத்தோடு. இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. அடுத்த மாதம் அட்டை காலாவதி. அங்கே மகளுக்கு ஒன்பதாம் மாதம்.

காபியை ஒருவழியாக விழுங்கினார்.

"சகலை, கதை விடாதீங்க. கல்யாணப் பத்திரமாவது கேட்டிருப்பாங்க."

"கேட்டாங்க. எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்லைன்னேன்."

"வாடகை ஒப்பந்தம்?"

"அதுல இவ பேரே இல்லையே."

"சேர்ந்து எடுத்த போட்டோ?"

"ஒண்ணு இருக்கு. அதுல இவ கண்ணை மூடியிருக்கா, நான் கொட்டாவி விடறேன். வேண்டாம்னு விட்டுட்டேன்."

"நானூத்திப் பன்னெண்டு பக்கம் கொடுத்தவனை ரெண்டு தடவை விரட்டினவங்க, கொட்டாவி விடறவருக்குக் கை குலுக்குவாங்களா? நடக்காது! என் தலையில அடிச்சுச் சொன்னாலும் நம்ப மாட்டேன்."

"அக்காவுக்குக் கிடைச்சா உங்களுக்கு ஏன் இப்படி எரியுது?" என்றாள் அவர் மனைவி.

"எரிச்சல் எல்லாம் இல்லை. சந்தேகம்."

"சந்தேகத்துக்கா காது ரெண்டும் இப்படிச் சிவந்திருக்கு?"

மூத்தவர் அனுதாபத்தோடு கேட்டார். "உங்க கோப்புல என்னதான் குறையாம், சகலை?"

"எல்லாமே நாங்களே தயாரிச்சதாம். சொந்தக்காரங்க எழுதிக் கொடுத்தா செல்லாதாம். நாங்க ஒண்ணா இருக்கறதைக் கண்ணால பார்த்த வெளியாள் சொல்லணுமாம். மாடி வீட்டுக்காரரைக் கேட்டேன். 'உங்க வீட்ல ஆள் இருக்காங்களான்னே எனக்குத் தெரியாதே, அவ்வளவு அமைதி'ங்கறார்!"

அதற்கு மேல் மூத்தவரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"போதுங்க, பாவம். நடந்ததைச் சொல்லிடறேன். நாங்க போறதுக்கு முன்னாலயே அந்த அதிகாரி மேஜையில ஒரு மொட்டைக் கடுதாசி இருந்துச்சு. 'இவங்க புருஷன் பொண்டாட்டியே இல்லை, பேருக்குக் கல்யாணம், அட்டையைக் கொடுக்காதீங்க'ன்னு எவனோ எழுதியிருக்கான். அதுக்கு ஆதாரமா நாலு பக்கத்துக்கு எங்க சண்டை! மூணு வருஷத்துச் சண்டை, தேதி நேரத்தோட. கட்டில் மேல ஈரத் துண்டைப் போட்டதுக்கு நான் திட்டினது, ரிமோட்டுக்காக அடிச்சுக்கிட்டது, சமாதானம் ஆனதும் இவர் கண்றாவியாப் பாடினது, ஒண்ணு விடலை."

"அய்யய்யோ!" என்றாள் தங்கை.

"எனக்கும் உசிரே போச்சு. ஆனா அந்த மனுஷர் விழுந்து விழுந்து சிரிச்சார். 'ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுத் தினமும் திட்டு வாங்கறவர் அந்த வீட்டுப் புருஷனாத்தான் இருக்க முடியும். அதுவும் உங்களுக்கு ஆகாதவரே மூணு வருஷம் பார்த்து எழுதியிருக்கார். இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்க கிடைக்கும்?'னு குத்தினார் முத்திரையை."

"எவனோ ஒரு புண்ணியவான்! நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்!" என்று கூரையைப் பார்த்துக் கும்பிட்டார் மூத்தவர்.

தங்கை நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அந்த ஆள் யாருன்னு எப்படியாவது கண்டுபிடி. எங்களைப் பத்தியும் நாறடிச்சு நாலு பக்கம் எழுதச் சொல்லு. கால்ல வேணும்னாலும் விழறேன். பொண்ணு பிரசவத்துக்கு நான் போயே ஆகணும்." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னடான்னா, நடக்காது, நம்ப மாட்டேன்னு உக்காந்திருக்கீங்க!"

இளைய சகலை தம்ளரைக் கீழே வைத்தார். காதுச் சிவப்பு இப்போது கழுத்து வரை இறங்கியிருந்தது.

"நடந்தது நிஜம்தான். அந்த நாலு பக்கத்தையும் எழுதினதே நான்தான்... ஆனா, என்னைப் பத்தி நானே எழுதினா எடுத்துக்குவாங்களா?"