எதிர் நாற்காலி

கதவு படாரென்று திறந்தது. அரசு மருத்துவமனையின் கருக்கலைப்பு ஆலோசனை அறையில் இருந்த மேனுகா நிமிர்ந்தாள். அவளுக்கு வேலை பழக்கிய தமயந்தி, கதவைச் சாத்திவிட்டு, ஆலோசனைக்கு வருபவர்கள் உட்காரும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேலை நிரந்தரமாவதற்கு முன் வைக்கும் சோதனை இதுதான் என்று மேனுகா நினைத்தாள்.

“நான் கர்ப்பமா இருக்கேன். வேணாம்னு நினைக்கிறேன். என்ன செய்யணும்?” என்றாள் தமயந்தி.

“அது உங்க முடிவு. வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்ல. யோசிக்க ரெண்டு நாள் டைம் இருக்கு. அப்புறமும் வேணாம்னா செஞ்சுக்கலாம்.”

“புக்கிட் பாஞ்சாங் வீட்டுல மாமியார் கூட இருக்கேன். அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?”

“நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்.” மேனுகா சிரித்தாள். “சூப்பரா நடிக்கிறீங்க லா, அக்கா. நான் பாஸா?”

“பாஸ்தான். ஆனா நான் நடிக்கல, மேனுகா. இன்னைக்கு பேஷண்டாதான் வந்திருக்கேன்.”