எட்டாவது ஆள்

எங்கள் அலுவலக லிஃப்டில் எட்டுப் பேர் போகலாம். பழுதுபார்க்க வந்த என் அண்ணன் அதன் அடியில் நசுங்கிச் செத்த பிறகு, எட்டாவது ஆள் காலை வைத்ததுமே எடை மணி அடித்தது. இதை அண்ணியிடம் மட்டும் சொன்னேன்.

குடித்துவிட்டு, லிஃப்ட் நகராமலிருக்க ஃபியூஸைக் கழற்ற மறந்து அதன் அடிக்குழிக்குள் இறங்கியதாகப் போலீஸ் எழுதி முடித்தது. ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போடாமல் அண்ணன் குழிக்குள் காலே வைக்கமாட்டான். அண்ணி ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள்.

"என் பொண்ணைக் குடிகாரன் மகள்னு கூப்பிடுறாங்க சார்."

"குடிப்பான்ல? அப்புறமென்ன?"

இரண்டு வருடம் கழித்து வந்த புது இன்ஸ்பெக்டர், அண்ணனின் துணிகள் இருந்த கவரை முதல்முறையாகப் பிரித்தார். சட்டைப்பையில் ஃபியூஸ் இருந்தது. அப்படியானால் வேறொன்றை மாட்டி லிஃப்டை இறக்கியது யார்? கூட வேலை பார்த்தவன் அன்றே ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை எட்டுப் பேர் ஏறினோம். மணி அடிக்கவில்லை.

"எவன்டா இளைச்சது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். அந்தக் கட்டடத்தில் மூன்று பேர் போகிற சின்ன லிஃப்ட். அண்ணி, அவள் மகள், நான் ஏறினோம். மணி அடித்தது.

அண்ணி என்னைப் பார்த்தாள்.

"நீங்க படியேறி வாங்க தம்பி. அவரு முதல்ல வீட்டுக்கு வரட்டும்."

நான் இறங்கினேன். மணி நின்றது.