ஆவுடையின் கை

ஊற்று நின்றுபோனதும், மலைக்குகையின் கடைசியில் இருக்கும் மதகைத் திறக்க இரண்டு சிறுமிகளை ஊர் உள்ளே அனுப்பியது. முன்னால் ஆவுடை. பிறந்ததிலிருந்தே அவள் விரல்நுனியில் ஒரு சுடர் எரிந்தது. நுனி மட்டும் தெரியும்படி பட்டுத்துணி சுற்றிய அந்தக் கையை எல்லோரும் கும்பிட்டார்கள். தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பின்னால் சோற்றுமூட்டையோடு செம்பகம். அந்தச் சுடர் தன் கையில் எரியாதா என்று ஏங்கி ஏங்கி, கடைசியில் அது அணைந்தே போகட்டும் என்று வேண்டிக்கொண்டவள்.

பாதி வழியில் சுடர் சுருங்கியது. செம்பகத்துக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆவுடை உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். சுண்டுவிரல் மட்டும் பாதி மிச்சமிருந்தது. மற்ற விரல்கள் இருந்த இடத்தில் கரி.

"எண்ணெய் இல்லாம எப்படி எரியுதுன்னு ஒருத்தரும் கேக்கல," என்றாள் ஆவுடை. "நீ திரும்பிப் போயிருட்டி. சுவரத் தடவிக்கிட்டே போனா வெளிய போயிரலாம்."

"நீ?"

"இது தீர்ற வரைக்கும் போறேன்."

செம்பகம் மூட்டையைக் கீழே வைத்தாள். தன் ஆள்காட்டி விரலை அந்தச் சுண்டுவிரலோடு சேர்த்துப் பிடித்தாள். பற்றிக்கொண்டது. ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. வலித்தது.

"உன்னோடத ஊதி அணைச்சிரு," என்றாள். "வேணும்னா எங்கிட்ட இருந்து ஏத்திக்கலாம்."

ஆவுடை ஊதினாள். புதுச் சுடர் நிமிர்ந்து எரிந்தது. குகை இன்னும் எவ்வளவு தூரம் போகிறது என்று அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது.