ஆறு மணித் தண்ணீர்

குளியலறைத் தண்ணீர் போய் விழும் குழியில் ஒரு வாழை நின்றது. காலை ஆறு மணிக்குச் சந்தன சோப்பு நுரை வந்தால் தணிகாசலம் குளிக்கிறார், எட்டு மணிக்குக் கடலை மாவு வந்தால் அவர் மனைவி கோமளம் குளிக்கிறாள் என்று அதற்குத் தெரியும்.

தணிகாசலம் இறந்த அன்று, உடலைக் குளிப்பாட்டிய தண்ணீர், எண்ணெயும் சீயக்காயும் அவருடைய சந்தன சோப்பு நுரையுமாக அங்கேதான் வந்தது. வாழை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. பிறகு குலை தள்ளியது.

வருஷத் திதிக்குக் கோமளம் அந்தப் பழத்தைச் சோற்றோடு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். காகம் சோற்றைத் தின்றது. பழத்தில் அலகை வைத்ததும் பின்வாங்கி, வாழையிடம் வந்தது.

"உன் பழத்துல ஏன் சந்தன சோப்பு வாசனை வருது?"

"அவர் கடைசியாக் குளிச்ச தண்ணி. வீணாப் போக விட மனசு வரல."

"அவருக்கு அவரையேவா படைச்சிருக்காங்க?" என்று காகம் பறந்துவிட்டது.

"பழம்னா உசிரை விடுவாரே, தொடவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே கோமளம் அதை உரித்துத் தானே சாப்பிட்டாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கடலை மாவுத் தண்ணீர் வரவில்லை. ஆறு மணிக்கே சந்தன சோப்பு நுரை வந்துவிட்டிருந்தது.