கடைசி வரிசைச் சந்தேகம்

"அருவியில என்ன இருக்கு? தண்ணி மேலேருந்து கீழ விழுது. நம்ம குளியலறையிலயும் விழுது," என்று சோஃபாவில் புரண்டு படுத்தான் கணவன். லீவு நாளில் அவன் அதை விட்டு இறங்கினால் மழைதான் வரும்.

"கடற்கரை?"

"மணல். வீடு பூரா ஒட்டிக்கிட்டு வரும். பெருக்கப் போறது நீதான்."

பதினோரு வருஷமாக இதே பதில். அவளுக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. பிறந்து வளர்ந்த தீவின் கடற்கரையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பயணிகளின் துண்டுகளை உதறும்போது கொட்டுகிற மணல்தான்.

இந்த முறை அவள் கெஞ்சவில்லை. லீவு போட்டு, சுற்றுலா பஸ்ஸில் தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்தாள். பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பியதும் மைக்கில் வழிகாட்டியின் குரல் தேனாக ஒழுகியது. "அருவியை முதல்ல கண்ணை மூடிக் கேளுங்க, அப்புறம் பாருங்க. கடற்கரையில செருப்பைக் கழட்டிடுங்க. அந்த மணல் காலைத் தொட்டா வீட்டுக் கவலையெல்லாம் மறந்துடும். இதெல்லாம் மனசுக்குப் பிடிச்சவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் பார்க்கணுங்க!"

"இவரைக் கட்டினவ கொடுத்து வச்சவ," என்று பெருமூச்சு விட்டாள் பக்கத்து சீட்டுக்காரி.

அவள் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம். உங்க வீட்டுக்காரி கையைப் பிடிச்சுக்கிட்டு எத்தனை தடவை பார்த்திருக்கீங்க?"

மைக் வாயருகே இருந்தபடியே வழிகாட்டியின் தலை கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது.

"நீ எப்படி இதுல ஏறின?" என்றான் கணவன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.